சூடும் தணிப்பும்

சூடு என்னும் ஒரே சொல்லை நாம் எத்தனை பொருளில் வழங்குகிறோம்! அடுப்பிலிருந்து இறக்கிய பால் சூடு. சித்திரை வெயில் சூடு. மாம்பழம் தின்றால் சூடு. கோழிக்கறி சூடு, கருவாடு சூடு, எள்ளும் சூடு. குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சூடு என்கிறோம். கண் எரிந்தால் உடம்புச் சூடு என்று தலையில் நல்லெண்ணெய் வைக்கிறோம். இப்போது பூமியே சூடாகிறது என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. இந்தச் சூடுகள் எல்லாம் ஒன்றா, வேறு வேறா என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நோன்புக் கஞ்சியில் வெந்தயத்தை ஒரு பிடி கூட்டிப் போட்டால் இந்தப் புதிய சூட்டுக்கும் போதுமா என்று ஒரு சகோதரி கேட்டார். வேடிக்கையாகக் கேட்டாரோ வினயமாகக் கேட்டாரோ, கேள்வி நல்ல கேள்வி. ஆகவே உணவிலிருந்தே தொடங்குவோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பேரீச்சம் பழத்தோடு வெள்ளரியைச் சேர்த்து உண்டதைப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளும் பதிவு செய்திருக்கின்றன. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் வரும் செய்தி இன்னும் தெளிவானது. நாயகம் (ஸல்) அவர்கள் முலாம்பழ இனத்தைச் சேர்ந்த கனியைப் பேரீச்சம் பழத்தோடு உண்பார்கள். ஒன்றின் வெப்பத்தை மற்றதன் குளிர்ச்சி தணிக்கும் என்று அதற்குக் காரணமும் சொல்லியிருக்கிறார்கள். உணவுக்குச் சூடும் குளிர்ச்சியும் உண்டு என்ற எண்ணம் நம் பாட்டிமார்களுக்கு மட்டும் உரியதன்று, அரபு நாட்டிலும் அது புழங்கியிருக்கிறது என்பதற்கு இது போதுமான சான்று.

இதனைக் கலையாக வளர்த்தவர்கள் யூனானி மருத்துவர்கள். ஜாலீனூஸ் என்று அரபியில் வழங்கும் கிரேக்க மருத்துவர் கேலனிடமிருந்து வந்த கொள்கையை இப்னு ஸீனா தமது 'அல்கானூன் பித்திப்' நூலில் விரித்தெழுதினார். மனிதருக்கும் மருந்துக்கும் உணவுக்கும் 'மிஸாஜ்' என்னும் இயல்பு உண்டு. வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி ஆகியவற்றின் கலவையே அது என்பது அக்கொள்கை. அவரது நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 17ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருந்தது. நம் சித்த மருத்துவத்தின் பித்தமும் வாதமும் வேறு ஊற்றிலிருந்து வந்தவை எனினும், சமையற்கட்டில் இரண்டும் கலந்துவிட்டன. இறைச்சிக் குழம்பு வைத்த அன்று தயிர்ப் பச்சடி வைக்கும் நம் வீட்டுப் பெண்மணி, அதற்கு யூனானியைக் கேட்டாரா சித்தரைக் கேட்டாரா என்று பிரித்துச் சொல்ல யாராலும் இயலாது.

ஒன்றை மட்டும் மனத்தில் இருத்த வேண்டும். இந்தச் சூடு வெப்பமானியில் ஏறும் சூடன்று. குளிரவைத்த மாம்பழமும் சூடுதான். கொதிக்கும் பார்லிக் கஞ்சியும் குளிர்ச்சிதான். உடம்பில் அது என்ன செய்கிறது என்பதைக் கொண்டே நம் முன்னோர் பெயரிட்டார்கள்.

அவர்கள் சொன்னதில் சிலவற்றுக்கு இன்றைய உடலியல் விளக்கம் தருகிறது. இறைச்சி, முட்டை, பருப்பு போன்ற புரத உணவைச் செரிப்பதற்கே அவ்வுணவு தரும் சக்தியில் 20 முதல் 30 விழுக்காடு வரை செலவாகி வெப்பமாக வெளிப்படுகிறது. சோறு போன்ற மாவுப் பொருளில் இது 5 முதல் 10 விழுக்காடு. கொழுப்பில் மிகச் சொற்பம். நடுப்பகலில் வயிறு நிறைய ஆட்டிறைச்சி உண்டவர் வியர்த்துப் போவதற்கு மசாலா மட்டும் காரணமன்று. மிளகாயின் கதை இன்னும் சுவையானது. உடலில் ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேற்பட்ட சூடு பட்டால் 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும் ஒரு நரம்பு வாயில் இருக்கிறது. மிளகாயின் காரச்சத்து அதே வாயிலைத் திறந்துவிடுகிறது. நெருப்பே இல்லாமல் நாக்கு நெருப்பை உணர்கிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புதினாவில் உள்ள மென்தால் குளிரை உணர்த்தும் வேறொரு வாயிலைத் திறக்கிறது. பிரியாணியில் மிளகாயையும் புதினாவையும் சேர்த்துப் போட்டவருக்கு நோபல் பரிசு கொடுக்க யாரும் முன்வரவில்லை! இதற்கிடையே ஒரு சிறு செய்தி: மிளகாய் நம் மண்ணுக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. அதற்கு முன் நம் காரமெல்லாம் மிளகும் இஞ்சியும் திப்பிலியுந்தான்.

சரி, கஞ்சிக்கு வருவோம். நாள் முழுவதும் தாகித்திருந்தவன் மாலையில் ஆவி பறக்கும் கஞ்சியைக் குடிக்கிறானே, அது சூட்டைக் கூட்டாதா? கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பதில் தருகிறது. சூடான பானம் குடித்தால் வியர்வை மிகுகிறது. அந்த வியர்வை முழுவதும் ஆவியாகுமானால், பானம் கொண்டு வந்த சூட்டைவிட அதிகமான சூடு உடலைவிட்டு நீங்குகிறது. 'ஆவியாகுமானால்' என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ராஜஸ்தானத்து வறண்ட காற்றில் வியர்வை உலர்ந்துவிடும். நம் கடற்கரையில் உலர்வதில்லை. வழிந்து சட்டையை நனைப்பதோடு சரி. வழியும் வியர்வை உடலைக் குளிர்விக்காது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆவியாகாவிட்டால் ஒன்றுமே இல்லை, தண்ணீரும் உப்பும் இழந்ததுதான் மிச்சம். நோன்புக் கஞ்சியின் பெருமை அதன் குளிர்ச்சியில் இல்லை. நீர், உப்பு, மாவுச்சத்து, பருப்பின் புரதம் ஆகிய நான்கையும் காய்ந்த குடலுக்கு இதமாகத் திருப்பித் தருவதில் இருக்கிறது. அந்தச் சகோதரிக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: வெந்தயம் நல்லது, ஆனால் வெளியே உள்ள காற்றை அது ஒன்றும் செய்யாது.

அந்தக் காற்றைப் பற்றித்தான் இனிப் பேச வேண்டும். காரைக்கால் ஏறத்தாழ 10.9 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 19 அளவிலும், மீண்டும் ஆகஸ்ட் 24 அளவிலும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்து, நட்ட கழிக்கு நிழலே இல்லாமல் போகும். நிழலை அளந்து அஸருக்கு நேரம் குறித்த அக்காலத்து முஅத்தின்கள் இதனை நன்கு அறிவார்கள். ஆயினும் அந்த நாள்களைவிடக் கத்திரி வெயில் கொடியதாக இருக்கிறது. நிலம் சூட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகுதான் காட்டும். மேலும் மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வறண்ட நிலக்காற்று வீசி, கடற்காற்றைக் கரைக்கு வரவிடாமல் தடுக்கிறது. கடற்காற்று முற்பகலிலேயே கோட்டுச்சேரியை எட்டிவிட்டால் அன்றைய பகல் தாங்கும். பிற்பகல் வரை வராவிட்டால் 40 டிகிரியை எட்டுவதும் உண்டு. வந்த பிறகோ வெப்பம் குறையும், ஈரம் கூடும். ஒரு துன்பம் போய் மறு துன்பம் வரும். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளக்கும் முறை ஒன்று உண்டு. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் காட்டுவது அது. அந்த அளவு 35 டிகிரியை எட்டினால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதன்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க இயலாது என்று கணக்கிட்டிருந்தார்கள். இளைஞர்களை வைத்துப் பின்னர் செய்த சோதனைகள் 31 டிகிரி அளவிலேயே உடல் தடுமாறத் தொடங்குவதைக் காட்டின. முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் குறைவாகவே இருக்கும்.

வெயில் என்றும் இருந்ததுதானே, இப்போது என்ன புதிது என்று கேட்பவர்கள் உண்டு. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் காற்றில் சேரும் கரியமில வாயு, பூமியிலிருந்து விண்ணுக்குத் திரும்ப வேண்டிய வெப்பத்தைத் தடுத்து வைத்துக்கொள்கிறது. இது நேற்று முளைத்த கட்சிக் கருத்தன்று. இவ்வகை வாயுக்கள் வெப்பத்தை உறிஞ்சுவதை ஜான் டிண்டால் 1859இல் சோதனைக்கூடத்தில் அளந்து காட்டினார். ஸ்வீடன் நாட்டு அர்ரேனியஸ் 1896இலேயே இதனால் பூமி எவ்வளவு சூடாகும் என்று பேனாவும் தாளும் கொண்டு கணக்குப் போட்டார். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. அந்த 2024ஆம் ஆண்டுதான், அதுவரை அளக்கப்பட்ட ஆண்டுகளிலெல்லாம் மிக வெப்பமானது. பழைய நிலையைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1901 முதல் 2018 வரை நம் நாட்டின் சராசரி வெப்பம் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015க்குள் 1 டிகிரி உயர்ந்திருக்கிறது.

ஒரு டிகிரி என்ன பெரிய காரியம் என்று தோன்றும். நம் உடம்பில் ஒரு டிகிரி கூடினால் மருத்துவரிடம் ஓடுகிறோம். கடலில் ஒரு டிகிரி கூடினால் மீன் ஓடுகிறது.

மத்தி என்றும் நெய்ச்சாளை என்றும் சொல்லப்படும் மீன் ஒரு காலத்தில் மலபார்க் கரைக்கே உரியது. நம் சோழமண்டலக் கரையில் அது பொருட்படுத்தத்தக்க அளவில் கிடைத்ததில்லை. 1980களின் இறுதியிலிருந்து அது கிழக்குக் கரையிலும் பெருகிக் கிடைக்கத் தொடங்கியது. கடல் வெப்பம் உயர்ந்து, முன்பு அதற்கு ஏற்காத நீர்ப்பரப்பு ஏற்றதாக மாறியதைக் கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இதற்குக் காரணமாகக் கூறினர். ஏழை வீட்டுச் சட்டிக்கு மலிவான நல்ல மீன் கிடைத்ததே என்று நாம் மகிழலாம். ஆனால் மத்தியையே நம்பிய கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன்னாக இருந்த அதன் பாடு, 2021இல் 3,300 டன் அளவுக்கு விழுந்துவிட்டது. மிகையாகப் பிடித்ததும் கடலின் மாறிய குணமும் சேர்ந்து செய்த வேலை அது. கானாங்கெளுத்தியோ மேல்நீரின் சூட்டுக்கு அஞ்சி இன்னும் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. கோட்டுச்சேரிமேட்டிலும் கிளிஞ்சல்மேட்டிலும் படகு தள்ளுவோர் முந்திய தலைமுறையைவிட அதிக டீசல் எரித்துத் தொலைவு போகிறார்கள் என்றால், அதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

வயலின் கதை இரவில் நடக்கிறது. பகல் வெயிலைவிட இரவுப் புழுக்கமே நெல்லுக்குப் பெரிய பகை என்பது பலருக்குப் புதுமையாக இருக்கும். பிலிப்பைன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தார் தங்கள் வயல்களில் பல ஆண்டு எடுத்த கணக்கை 2004இல் வெளியிட்டார்கள். வறட்சிப் பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி உயர்ந்தால் விளைச்சல் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. பகலில் வெயிலால் சேர்த்த சத்தைப் பயிர் இரவில் மூச்சு விட்டே செலவழித்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். பூக்கும் நாளில் முற்பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கருகி, கதிர் பதராகும். கடைமடையில் இருக்கும் நமக்குக் காவிரித் தண்ணீரே கடைசியில்தான் வந்து சேர்கிறது. 2007ஆம் ஆண்டு நடுவர் மன்றம் புதுச்சேரி மாநிலத்துக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி.யை 2018இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. காகிதத்தில் அது இருக்கிறது. ஆனால் ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை 2024இல் ஜூலை 28இல்தான் திறக்கப்பட்டது. அவ்வாறு பட்டம் தள்ளிப்போகும் ஆண்டில், எந்த வெயிலில் எந்தக் கதிர் பூக்கும் என்ற கணக்கு முழுவதும் புரண்டுவிடுகிறது.

மனிதனுக்கும் இரவே முக்கியம். பகல் முழுவதும் வெந்த உடம்பு இரவில் தணிய வேண்டும். நாட்டு ஓடு வேய்ந்த, முற்றம் வைத்த, சுண்ணாம்பு அடித்த பழைய வீடுகளில் அந்தித் தென்றல் புகுந்ததும் சூடு வெளியேறிவிடும். இன்றைய காங்கிரீட் தளமோ பகல் முழுவதும் வெயிலைக் குடித்து, இஷாவுக்குப் பிறகு நம் தலைமேல் இறக்குகிறது. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடுகளில் பலவற்றுக்குச் சன்னல் பெரிது, நிழல் சிறிது. அதனை ஈடுகட்டக் குளிர்சாதனம் வாங்குகிறோம். அது அறைச் சூட்டை அழிப்பதில்லை. எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. அடுத்த வீட்டு ஓலைக் கூரைக்குக் கீழே படுத்திருப்பவர் பக்கம் அந்தக் காற்று போகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அண்டை வீட்டாருக்கு நம் சமையல் வாசனை போனால் குழம்பில் நீரைக் கூட்டி அவர்களுக்கும் கொடு என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். மாடித் தளத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் உள்ளறையின் சூடு கண்கூடாகக் குறையும், செலவும் குறைவு. ஸூரத்துந் நஹ்லில் அல்லாஹ் தன் அருட்கொடைகளை எண்ணிக் காட்டும்போது, தான் படைத்தவற்றின் நிழலையும், வெப்பத்திலிருந்து காக்கும் ஆடையையும் சேர்த்தே எண்ணுகிறான். நிழல் ஓர் அருட்கொடை என்பது பாலைவனத்தாருக்குப் புரிந்த அளவு, வேப்பமரத்தை வெட்டி வாகனம் நிறுத்தும் கொட்டகை போடும் நமக்குப் புரியவில்லை.

வெயிலுக்காகத் தொழுகை நேரத்தைப் பற்றிப் பேசினால், அது ஈமானின் பலவீனம் என்று முகம் சுளிப்பவர் சிலர் உண்டு. தபூக் போருக்கு அழைத்தபோது வெயிலைக் காட்டிப் பின்தங்கிய நயவஞ்சகரை ஸூரத்துத் தவ்பா கண்டிக்கிறது என்று எடுத்துக் காட்டுவார்கள். உண்மைதான். அது கடமைக்கு அழைக்கப்பட்டபோது நழுவ வெயிலைச் சாக்காகக் கொண்டவர்களைப் பற்றியது. வணக்கத்தை அமைதியாக நிறைவேற்ற நேரம் பார்ப்பது வேறு. பயணம் ஒன்றில் முஅத்தின் லுஹருக்குப் பாங்கு சொல்ல முற்பட்டபோது, சற்றுத் தணியட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நிறுத்தினார்கள். மீண்டும் முற்பட்டபோது மீண்டும் நிறுத்தினார்கள். மணல் மேடுகளின் நிழல் கண்ணுக்குத் தெரியும் வரை தாமதித்தார்கள் என அபூதர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. கடும் வெயிலில் லுஹரைத் தணிவு வரும் வரை பிற்படுத்துங்கள் என்ற பொதுவான ஏவலும் இருக்கிறது. இதற்கு 'இப்ராத்' என்று பெயர். நம் கரையோர ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' இதனைச் சுன்னத் என்றே சொல்கிறது. வெப்பமான ஊராக இருக்க வேண்டும், தொலைவிலிருந்து ஜமாஅத்துக்கு வருவோர் இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் சொல்கிறது. இரண்டும் நம்மிடம் இருக்கின்றன. ஹனபி மத்ஹபிலோ கோடையில் பிற்படுத்துவது பொதுவாகவே விரும்பத்தக்கது. கத்திரி நாள்களில் லுஹர் ஜமாஅத்தை அரை மணி, முக்கால் மணி நேரம் தள்ளி வைக்கும் பள்ளிவாசல் நிர்வாகம் எந்தப் புதுமையையும் புகுத்திவிடாது. ஓதிக்கொடுக்கும் கிதாபில் உள்ளதைத்தான் செய்கிறது.

ஜும்ஆவை இவ்வாறு பிற்படுத்துவது ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொல்லில் இல்லை. மக்கள் முன்கூட்டியே வந்து காத்திருப்பார்கள், தாமதித்தால் அவர்களுக்கே சிரமம் என்பது காரணம். காரணத்தைக் கவனியுங்கள், அங்கும் சிரமத்தைத்தான் எடை போட்டிருக்கிறார்கள். ஆகவே ஜும்ஆவுக்கு வேறு வழி உண்டு. தொழுகையை நீட்டிக் குத்பாவைச் சுருக்குவது ஒருவரின் மார்க்க விளக்கத்துக்கு அடையாளம் என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. தகரக் கொட்டகையின் கீழும் வெளித்திண்ணையிலும் வரிசை நிற்கும் மே மாத வெள்ளியில், குத்பாவுக்கு முந்திய தமிழ் பயானை முக்கால் மணி நேரம் நீட்டும் ஆலிம் பெருமக்கள் (மின்விசிறிக்கு நேர் கீழே மிம்பர் இருப்பதால் வெளியே நிலை தெரிவதில்லை) பத்து நிமிடத்தில் முடித்தால் துஆ கிடைக்கும்.

இப்போது இந்தப் பகுதியின் மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வெயிலில் உழைப்பவர் யார்? வளைகுடா நாடுகள் சட்டம் போட்டிருக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது. சவூதியில் அதே மூன்று மாதங்கள், பகல் 12 முதல் 3 வரை. கத்தாரில் 2021 முதல் ஜூன் 1இல் தொடங்கி, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை தடை. துபாயில் சாரத்தின்மேல் நிற்கும் நம் பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. அவன் அனுப்பும் பணத்தில் கோட்டுச்சேரியில் வீடு கட்டும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இல்லை. அந்த வீட்டுக்காரர் நாமே. அதிகாலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு நிறுத்தி, மாலை 4 மணிக்கு மேல் மீதியைப் பாருங்கள், கூலி குறையாது என்று சொல்ல நமக்குச் சட்டம் வேண்டியதில்லை. நண்பகல் ஓய்வை ஸூரத்துந் நூர் வழக்கமான ஒன்றாகவே குறிப்பிடுகிறது. ஆடையைக் களைந்து ஓய்வெடுக்கும் அந்த வேளையில் பிள்ளைகளும் பணியாளர்களும் அனுமதி கேட்டே நுழைய வேண்டும் என்று ஒழுங்கும் வகுக்கிறது. வீட்டுக்காரருக்கு உள்ள கைலூலா கொத்தனாருக்கு மட்டும் ஏன் இல்லை?

உழைப்பாளி நோன்பு நோற்றிருந்தால்? இதற்கு நம் முன்னோர் விடை எழுதி வைத்திருக்கிறார்கள், அதுவும் நம் பக்கத்துக் கரையிலேயே. 16ஆம் நூற்றாண்டில் மலபாரின் பொன்னானியைச் சேர்ந்த ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) எழுதிய 'பத்ஹுல் முஈன்' நம் மதரஸாக்களில் இன்றும் ஓதப்படும் ஷாபிஈ சட்ட நூல். அறுவடை செய்வோரைப் பற்றி இமாம் அத்ரஈ (ரஹ்) கொடுத்த ஃபத்வாவை அவர் அதில் எடுத்துச் சொல்கிறார். அறுவடையாளர்கள் ஒவ்வோர் இரவும் நோன்புக்கு நிய்யத் வைத்தே ஆக வேண்டும். 'நாளை வேலை இருக்கிறது' என்று முன்னதாகவே விட்டுவிட முடியாது. பகலில் கடும் சிரமம் யாரைப் பற்றுகிறதோ அவர் நோன்பை விட்டுவிடலாம், பற்றாதவர் விடக்கூடாது. விட்டதைப் பிறகு களாச் செய்ய வேண்டும். எவ்வளவு நுட்பமான தீர்ப்பு! வெயிலை அங்கேயே நின்று பார்த்த மனிதர்களுக்காக எழுதப்பட்டது இது. தலைச்சுற்றல், வாந்தி, வியர்வை திடீரென நின்று தோல் காய்ந்து சுடுவது, பேச்சுக் குழறுவது ஆகியவை வெப்பத் தாக்கின் அடையாளங்கள். அந்நிலையில் ஒருவரை நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. நோன்பு என்னாவது என்று கூடி நின்று விவாதிக்கும் வேளை அதுவன்று.

சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. 2018இலும் 2019இலும் மே வெயிலில் தொடங்கிய ரமலான், 2026இல் பிப்ரவரிக்கு வந்துவிட்டது. 2030இல் ஒரே ஆங்கில ஆண்டுக்குள் ஜனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக இரண்டு முறை தொடங்கும். நமக்குச் சில காலம் தண்மையான நோன்புகள் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ். மீண்டும் மே மாதத்து நோன்பு 2050ஐச் சற்றுத் தாண்டி வரும்போது, இன்று மதரஸாவில் அலிப், பே ஓதும் பிள்ளைகள் முப்பது வயதைக் கடந்த உழைப்பாளிகளாக இருப்பார்கள். அவர்கள் நோற்கப்போகும் மே, நாம் நோற்ற மேயைவிடச் சூடானதாக இருக்கும். எவ்வளவு சூடாக என்பதில் மட்டுமே ஐயம். உலகம் இனி எவ்வளவு எரிக்கப்போகிறது என்பதைப் பொறுத்தது அது.

2024ஆம் ஆண்டு ஹஜ் இதற்கு ஒரு முன்னறிவிப்பு. ஜூன் 17இல் மக்காவின் புனிதப் பள்ளியில் 51.8 டிகிரி பதிவாயிற்று. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள். கூடாரமும் குளிரூட்டிய பேருந்தும் இல்லாமல் வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. மலிவு என்று ஆசை காட்டி, வேறு வகை விசாவில் ஹஜ்ஜுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லும் தரகர்களை நம் ஊர்களில் யாரும் வீட்டுத் திண்ணையில் ஏற்றக்கூடாது.

கடைசியாக, நம் கையிலேயே முழுவதும் இருக்கிற ஒரு காரியம். பள்ளி விடுமுறையும் வெளிநாட்டு விடுப்பும் பொருந்துவதால் நம் நிக்காஹ்களில் பெரும்பாலானவை மே மாதத்தில் குவிகின்றன. முற்பகல் 11 மணிக்கு நிக்காஹ், 1 மணிக்கு விருந்து. விடியற்காலையில் தம் போட்ட பிரியாணி கடைசிப் பந்திக்குள் ஆறு மணி நேரம் ஆறியிருக்கும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய சோற்றிலும் இறைச்சியிலும் கிருமிகள் விரைந்து பெருகும். சில கிருமிகள் விடும் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் அழிவதில்லை. பந்தலுக்குள் பட்டுப் புடவையில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள், அடுப்படியில் காலை முதல் நெருப்பின் முன் நிற்கும் பண்டாரிகள், சஹன் தூக்கி ஓடும் இளைஞர்கள். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு, சூடு என்று மாம்பழத்தை மட்டும் ஒதுக்கி வைக்கிறோம்! நிக்காஹ் பகலில்தான் நடக்க வேண்டும் என்று எந்தக் கிதாபிலும் இல்லை. அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் நிக்காஹ், மஃக்ரிபுக்குப் பிறகு உணவு என்று வைத்துக்கொண்டால், அடுப்பைப் பிற்பகலில் ஏற்றினால் போதும், சோறு சூட்டோடு இலைக்கு வரும், மண்டபத்துக்குக் குளிர்சாதன வாடகையும் மிச்சம். ஜமாஅத் நிர்வாகம் ஒன்று கூடி, ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் பகல் விருந்துக்குப் பதிவு கொடுப்பதில்லை என்று நிக்காஹ் தஃப்தரின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால், யார் முதலில் மாற்றுவது என்று பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.